நூறு ரூபாய் கூப்பனை விட எனக்கு ஆவின் கார்டு பெருசு

போன மாசம் சம்பளம் வந்த அன்னைக்கு ராத்திரி, அம்பத்தூர் எஸ்டேட்ல இருந்து வீட்டுக்கு வந்து, படுத்துக்கிட்டே ஒரு டெலிவரி ஆப்பைத் திறந்தேன். தேவைப்பட்டது தயிர், தக்காளி, கொத்தமல்லி, ஒரு பிரெட். மொத்தம் 118 ரூபாய். கீழேயே ஒரு பட்டை: 499-க்கு மேல வாங்கினா 100 ரூபாய் தள்ளுபடி. கை சும்மா இருக்குமா? சிப்ஸ், பீனட் பட்டர், ஒரு பாடி வாஷ்னு சேர்த்து 512-க்குக் கொண்டு வந்தேன். நூறு கழிச்சு, ஹேண்ட்லிங் சார்ஜ் 11 சேர்த்து 423 கட்டினேன். "100 ரூபாய் சேமிச்சுட்டீங்க"ன்னு பச்சைக் கலர்ல வந்துச்சு. கணக்குப் பார்த்தா தேவைக்கு மேல 305 ரூபாய் போயிருக்கு. அந்த பீனட் பட்டர் இன்னும் முக்கால் டப்பா அப்படியே இருக்கு.

கூப்பனே ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல வரல. நாம எப்படியும் வாங்கப் போற பொருளுக்கு விலை குறைஞ்சா லாபம்தான். அதனால இப்போ முதல்ல லிஸ்ட் எழுதறேன், அப்புறம்தான் ஆப். லிஸ்ட்டே 499-ஐத் தாண்டினா கூப்பன் போடுவேன், இல்லன்னா தெருமுனை அண்ணாச்சி கடை. அவரும் "வேற என்ன தம்பி?"ன்னு கேட்பார்தான், ஆனா ஒரு தடவைதான் கேட்பார். ரூம்மேட்ஸ் இருந்தா எண்ணெய், உளுந்து, சோப்பு பவுடர் மாதிரி கெட்டுப்போகாத சாமானை மாசத்துக்கு ஒரே ஆர்டரா சேர்த்துப் போடுங்க. காம்போ பேக் பார்த்தா பாக்கெட்ல அச்சடிச்சிருக்கற கிராம் விலையைப் பாருங்க. பெரிய பாக்கெட்தான் மலிவுன்னு எப்பவும் கிடையாது. கிரெடிட் கார்டு ஆஃபர்ல 10 சதவீதம் கிடைச்சாலும், பில்லை முழுசா கட்டலன்னா மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி. ரெண்டு மூணு மாசம் இழுத்தா வந்த தள்ளுபடி போயே போச்சு.

ஆனா நம்ம ஏரியாவுல எனக்குத் தெரிஞ்ச நல்ல கூப்பன் எந்த ஆப்லயும் இல்ல. எதிர் வீட்டு அக்கா ஒருநாள் என் கையில பால் பாக்கெட்டைப் பார்த்துட்டு, "தம்பி, கார்டு போடலையா நீ? தினமும் முழு விலையா குடுக்கற?"ன்னு கேட்டாங்க. அம்பத்தூர்லயே ஆவின் பால் பண்ணை இருக்கு, அந்த வழியாதான் நான் தினமும் வேலைக்குப் போறேன். பால் கார்டுன்னு ஒண்ணு இருக்கறதை இத்தனை நாள் கவனிக்கவே இல்ல.

விஷயம் ரொம்ப சிம்பிள். ஒரு மாசத்துக்கு முன்பணம் கட்டினா, எம்ஆர்பியை விடக் குறைஞ்ச விலையில தினமும் பால். 2022 நவம்பர் 5-ம் தேதி ஆவின் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 48-ல இருந்து 60 ரூபாய் ஆச்சு. கார்டு வெச்சிருந்தவங்களுக்கு அதே 46. லிட்டருக்கு 14 ரூபாய் வித்தியாசம். அந்த விலையில தினமும் அரை லிட்டர்னா மாசம் 210, வருஷத்துக்கு 2,520 ரூபாய். மினிமம் ஆர்டர் கிடையாது, பாடி வாஷும் வாங்க வேண்டாம். இன்னைக்கு உங்க கலர் பாக்கெட்டுக்கு என்ன வித்தியாசம்னு பக்கத்து பூத்லயே கேட்டுக்குங்க. கஷ்டம் என்னன்னா, விடியக்காலைல எழுந்து போகணும். ஊருக்குப் போற நாளுக்கும் காசு கட்டியாச்சு. அந்த நாள் பாலை எனக்கு பதிலா அக்கா வாங்கிக்கறாங்க, வந்ததும் காசு குடுத்துடுவாங்க.

ரேஷன் கார்டும் இதே கணக்குதான். அரிசி கார்டுக்கு துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஆபீஸ் டேக் போட்டுக்கிட்டு அந்த லைன்ல நிக்க கூச்சமா இருக்குன்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னான். அதே ஆள் 20 ரூபாய் கேஷ்பேக்குக்கு ஸ்க்ராட்ச் கார்டைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தான்! நல்ல சம்பளம், தேவையில்லன்னு விட்டுக்கொடுத்தா அது வேற, மரியாதை. கூச்சத்துக்காக விடறதுல எனக்கு சம்மதம் இல்ல.

கடைசியா, ஆபீஸ்ல குடுக்கற மீல் கார்டு. மளிகைக் கடையிலயும் தேய்க்கலாம்னு நிறைய பேர் ஆசையா வாங்கறோம். 2025-26 வரைக்கும் விதி என்னன்னா, ஒரு சாப்பாட்டுக்கு 50 ரூபாய் வரை வரி விலக்கு, அதுவும் பழைய வரி முறையில மட்டும். புது வரி முறையில இருந்தவங்களுக்கு அப்போ அந்த வவுச்சருக்கு விலக்கு இல்லாம இருந்துச்சு. விலக்கு இல்லன்னா அது உங்க சம்பளமேதான், எல்லா கடையிலயும் செல்லாத ஒரு கார்டுல பூட்டி வெச்சது. எச்ஆர் கிட்ட இருந்து டிக்ளரேஷன் மெயில் வரும்போது, டிக் அடிக்கறதுக்கு முன்னாடி எந்த முறையில இருக்கீங்க, இந்த வருஷ விதி என்னன்னு பாருங்க. நான் மூணு வருஷம் பார்க்கவே இல்ல.