பழைய காரின் கிரயம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கார் வாங்குவோர் கிலோமீட்டர் கணக்கொன்றையே பிரமாணமாகக் கொண்டு விலை பேசுவதும், அக்கணக்கைத் திருத்திவைக்கும் சாமர்த்தியசாலிகள் உண்டென்பதை மறந்துவிடுவதும் எனக்கு விசித்திரமாகவே தோன்றுகிறது. 50,000 கிலோமீட்டரே ஓடியதாகச் சொல்லப்படும் வண்டியில் பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்குமானால், மீட்டரைவிட அந்த ரப்பரையே நான் நம்புவேன். பதிவாகி 15 ஆண்டு நிறையும் தறுவாயிலுள்ள வண்டிக்கோ, தகுதிச் சோதனை செய்து மேலும் 5 ஆண்டுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம், பசுமை வரி, உடனே மாற்றவேண்டிய டயர், கிளட்ச் ஆகிய செலவுகளை நம்பகமான மெக்கானிக்கிடம் கேட்டறிந்து, அதே மாடலில் நல்ல நிலையிலுள்ள வண்டியின் சந்தை விலையிலிருந்து கழித்தபின் எஞ்சுவதே நியாயமான கிரயம். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். புது சீட் உறைக்கும் பாலிஷுக்கும் காலணாக்கூடக் கூட்டித் தரலாகாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் ஸ்டார்ட் செய்கையில் நீலப்புகை இடைவிடாது வருமானால் பேரம் பேசுவதே வியர்த்தம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், மதுரை