நாள் குறித்து நடத்தப்படும் போர்கள்

படையெடுப்பொன்றை முன்கூட்டியே பகிரங்கப்படுத்துவது ஆபத்தானது என்பதைப் போரியல் தெரிந்த எவரும் மறுக்கப் போவதில்லை. ஆயினும் அரசியல் தலைவர்கள் மேடையேறியதும் அந்தப் பாடத்தை மறந்துவிடுகின்றனர். எந்த நகரம், எந்த வீதி, எந்தத் தினத்துக்குள் என்று உரத்துச் சொல்லும்போது கரகோஷம் கிடைக்கின்றது. அந்தக் கரகோஷத்தின் விலையைச் செலுத்துபவர்கள் யார் என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் விடயமாகும்.

சப்ரகமுவ மாகாணத்தின் கித்துல்கலையில், களனி கங்கைக்குக் குறுக்கே பாலமொன்றை அமைத்துப் படமாக்கப்பட்டு 1957 ஆம் ஆண்டு வெளிவந்த 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' என்ற ஆங்கிலத் திரைப்படத்தை எமது மூத்த வாசகர்கள் அறிவர். அதில் பாலத்தைத் தகர்க்க வந்த சிறு குழுவினர், முதலாவது ரயில் வரும் வேளையை அறிந்து வெடிமருந்துடன் காத்திருக்கின்றனர். வருபவனின் வழியும் நேரமும் தெரிந்துவிட்டால் பலவீனனுக்கும் பலம் வந்துவிடும். கித்துல்கலையில் கதையாகக் காட்டப்பட்ட இந்த உண்மை, நாற்பது ஆண்டுகளின் பின்னர் வன்னியில் நிஜமாகவே நடந்தேறியது.

1997 மே 13 ஆம் திகதி 'ஜயசிக்குறு' படை நடவடிக்கை ஆரம்பமாகியது. 'வெற்றி நிச்சயம்' என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். வவுனியாவையும், அப்போது இராணுவத்தின் வசமிருந்த கிளிநொச்சியையும் ஏ-9 வீதியால் இணைத்து யாழ்ப்பாணத்துக்குத் தரைவழிப் பாதை திறப்பதே அதன் நோக்கம். 1998 பெப்ரவரி 4 ஆம் திகதி சுதந்திரப் பொன்விழாவுக்கு முன்னர் பாதை திறக்கப்படும் என அப்போதைய பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அநுருத்த ரத்வத்த உறுதியளித்தார். செல்லும் பாதை, சேர வேண்டிய இடம், முடிக்க வேண்டிய தினம் ஆகிய மூன்றும் ஒற்றர் எவருமின்றியே விடுதலைப் புலிகளுக்குத் தெரிந்துவிட்டன.

விளைவு நாடறிந்தது. 1997 ஜூன் மாதமே தாண்டிக்குளத்திலும் பெரியமடுவிலும் புலிகள் பாரிய எதிர்த்தாக்குதல்களை நடத்தினர். பொன்விழா நெருங்கியபோது அத்தினமே அவர்களுக்கும் இலக்காகியது. 1998 ஜனவரி 25 இல் கண்டி தலதா மாளிகை மீது குண்டுத்தாக்குதல் நடத்தப்பட, கண்டியில் நடைபெறவிருந்த விழா தலைநகருக்கு மாற்றப்பட்டது. பெப்ரவரி 1 இல் கிளிநொச்சி தாக்கப்பட்டது. செப்டெம்பர் இறுதியில் அந்நகரம் முற்றாக வீழ்ந்தது. டிசம்பரில் ஜயசிக்குறு கைவிடப்பட்டது. ஒன்றரை வருடங்களுக்கு மேலாகப் போரிட்டுப் பிடித்த நிலப்பரப்பின் பெரும்பகுதியை 1999 நவம்பரில் சில தினங்களுக்குள் இராணுவம் இழந்தது.

வடக்கே செல்லும் பிரதான வீதி ஒன்றுதான், அதனை எவ்வாறு மறைப்பது என்று சிலர் வினவலாம். வீதியை மறைக்க முடியாது என்பது உண்மையே. ஆனால், தினத்தை அறிவிக்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை. தினம் அறிவிக்கப்பட்டதும் போர் அத்தினத்தின் கைதியாகிவிடுகின்றது. நின்று நிதானிக்க வேண்டிய இடத்தில் தளபதி நிற்க முடியாது; பின்வாங்க வேண்டிய இடத்தில் பின்வாங்க முடியாது. அமைச்சரின் வாக்கைக் காப்பாற்றக் கிராமத்து இளைஞன் முன்னே தள்ளப்படுகின்றான். தினத்தைப் பறைசாற்றிய அதே அரசாங்கம் 1998 ஜூனில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை விதித்தது. எதிரிக்குத் தெரியக் கூடாதவை முன்னரே சொல்லப்பட்டுவிட்டன; தணிக்கையினால் மறைக்கப்பட்டவை பெற்றோருக்குத் தெரிய வேண்டியவையே.

தென்னிலங்கைக் கிராமங்களின் பஸ் தரிப்பிடங்களில் பொறிக்கப்பட்டுள்ள படைவீரர்களின் பெயர்கள் இந்த விலையின் ஒரு பகுதி. இடம்பெயர்ந்து மரநிழல்களில் வாழ்ந்த வன்னி மக்கள் மறுபகுதி. போர்முனையை ஒருபோதும் கண்டிராத மலையகத் தோட்டத்து இளைஞர்களும், அடையாள அட்டையுடன் சோதனைச் சாவடிகளில் நின்று அதற்குத் தம் பங்கைச் செலுத்தினர்.

உலக அரங்கிலும் இதே கதைதான். 2015 பெப்ரவரியில், ஈராக்கின் மோசுல் நகரை மீட்கும் தாக்குதல் ஏப்ரல் அல்லது மே மாதத்தில் நடைபெறக்கூடும் என அமெரிக்க இராணுவ அதிகாரியொருவர் செய்தியாளர்களுக்கு விபரித்தார். தாக்குதல் ஆரம்பமானதோ 2016 ஒக்டோபரில். உக்ரேனின் 2023 கோடைகால எதிர்த்தாக்குதல் பல மாதங்களாகப் பேசப்பட்டது. அதற்குள் ரஷ்யா தென்பகுதியில் கண்ணிவெடிகளையும் பதுங்குகுழிகளையும் அடுக்கடுக்காக அமைத்துக்கொண்டது; அசோவ் கடலை எட்டும் எண்ணம் ஈடேறவில்லை. இதற்கு மாறாக 2022 இல் உக்ரேன் தெற்கே கெர்சோனைப் பற்றி உரத்துப் பேசிவிட்டு, செப்டெம்பரில் வடகிழக்கே கார்கிவ் பகுதியில் தாக்கி வென்றது. முன்னறிவிப்பு பயன் தந்தது, அது எதிரியைத் திசைதிருப்பும் உபாயமாக அமைந்தபோது மட்டுமே.

அப்படியாயின் மௌனமாகப் படையெடுப்பதே மேலானதா? பொதுமக்கள் தப்பிச் செல்ல அவகாசம் வேண்டாமா? இக்கேள்வி நியாயமானது. தாக்குதலால் பாதிக்கப்படக்கூடிய பொதுமக்களுக்கு, சூழ்நிலை இடமளிக்கும் வரையில், பயனுள்ள முன்னெச்சரிக்கை வழங்கப்பட வேண்டும் என்று ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977 ஆம் ஆண்டின் மேலதிக நெறிமுறை கூறுகின்றது. ஆனால் வீராவேச அறிவிப்பு வேறு, எச்சரிக்கை வேறு. போகும் வழியும் சேரும் இடமும் அங்கே உணவும் பாதுகாப்பும் இல்லாத எச்சரிக்கை, வெறும் மிரட்டலேயாகும்.

ரஃபா இதற்குச் சான்று. 2024 பெப்ரவரி முதல் அந்நகருக்குள் நுழையப்போவதாக இஸ்ரேலியப் பிரதமர் நெதன்யாகு திரும்பத் திரும்ப அறிவித்தார். ஏனைய பகுதிகளிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் உட்பட 10 இலட்சத்துக்கும் அதிகமான பலஸ்தீனர்கள் அப்போது அங்கு அடைக்கலம் புகுந்திருந்தனர். மூன்று மாத கால அறிவிப்பு அவர்களுக்குப் பாதுகாப்பான ஓர் அடி நிலத்தையேனும் தரவில்லை. மே மாதம் படைகள் நுழைந்தபோது மீண்டும் கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு அலைந்தனர்.

இந்த அனுபவம் எமது மக்களுக்குப் புதியதன்று. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேறுமாறு பணித்த புலிகள் வழங்கிய அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மாத்திரமே. 2009 ஜனவரியில் வன்னியில் அரசாங்கம் அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் ஒதுங்கிய தமிழ் மக்கள் மீதும் எறிகணைகள் வீழ்ந்தன என்பதை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் பதிவு செய்தது. அறிவித்தவர்கள் வேறு, அனுபவித்தவர்களின் கண்ணீர் ஒன்றே.

எனவே, போர் முழக்கம் எங்கு எழுந்தாலும் பாராளுமன்றங்களும் ஊடகங்களும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இவ்வறிவிப்பு யாருடைய செவிக்காக விடுக்கப்படுகின்றது? குறித்த தினம் தவறினால் அதனை எட்டுவதற்காக இன்னும் எத்தனை உயிர்கள் கேட்கப்படும்? பொதுமக்கள் போக வேண்டிய இடம் எது? இவற்றுக்கு விடையில்லாத அறிவிப்பைத் தலைப்புச் செய்தியாக்கி மகிழ்வது மக்களுக்குச் செய்யும் துரோகமாகும்.

பொன்விழாவுக்குள் திறக்கப்படும் எனப்பட்ட ஏ-9 வீதி, 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான யுத்தநிறுத்த உடன்படிக்கையின் பின்னர், அதே ஆண்டு ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறந்தது. அந்த அமைதி நிலைக்கவில்லை என்பது வேறு விடயம். எனினும் ஒன்றரை வருட யுத்தத்தால் திறக்க முடியாத பாதையில், அன்று பஸ் வண்டிகள் ஓடின என்பதனை நாம் மறந்துவிடலாகாது.