9 வாரம் நம்பர் 1... 'இன் டா கிளப்' ஹிட்டில் காசு பார்த்தது யார்?

2003-ம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் பில்போர்டு 'ஹாட் 100' பட்டியலில் முதலிடம் பிடித்தது 'இன் டா கிளப்'. பாடியவர் ராப் பாடகர் ஃபிஃப்டி சென்ட். 9 வாரம் அந்த இடத்தை விட்டு இறங்கவே இல்லை. அந்த ஆண்டு முழுமைக்குமான பட்டியலிலும் அதுதான் நம்பர் 1. 20 வருஷம் தாண்டியும், பிறந்தநாள் பார்ட்டி என்றால் டிஜேக்கள் தேடி எடுக்கும் பாட்டு இது.

இவ்வளவு பெரிய ஹிட் என்றால் பாடியவருக்குப் பணம் கொட்டியிருக்கும் என்றுதானே தோன்றும்? ஆனால் கணக்கு அவ்வளவு நேரானது இல்லை.

யார் இந்த ஃபிஃப்டி சென்ட்?

இயற்பெயர் கர்டிஸ் ஜாக்சன். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வளர்ந்தவர். 2000 மே மாதம் அவர் உடலில் 9 குண்டுகள் பாய்ந்தன. உயிர் பிழைத்தார். ஆனால் அவருடன் ஒப்பந்தம் போட்டிருந்த கொலம்பியா ரெக்கார்ட்ஸ் அவரைக் கைகழுவிவிட்டது.

பெரிய கம்பெனிகளை நம்பிப் பயனில்லை என்று, 'மிக்ஸ்டேப்' எனப்படும் பாடல் தொகுப்புகளைத் தானே வெளியிட ஆரம்பித்தார். அதில் ஒன்று எமினெமின் காதுக்குப் போனது. எமினெமும் டாக்டர் டிரேயும் சேர்ந்து 2002-ல் 10 லட்சம் டாலருக்கு அவரை ஒப்பந்தம் செய்தார்கள். டாக்டர் டிரேயும் மைக் எலிசாண்டோவும் உருவாக்கிய இசைக்கு ஃபிஃப்டி சென்ட் எழுதிப் பாடியதுதான் 'இன் டா கிளப்'.

10 லட்சம் டாலர்... சம்பளமா, கடனா?

இசைக் கம்பெனி கொடுக்கும் அட்வான்ஸ், பார்க்கப்போனால் கடன் மாதிரிதான். பாடகருக்கு வர வேண்டிய ராயல்டியிலிருந்து முதலில் அந்தத் தொகையைக் கழிப்பார்கள். ஆல்பம் பதிவு செய்த செலவும் பெரும்பாலும் அதே கணக்கில்தான் சேரும். எல்லாம் கழிந்த பிறகுதான் பாடகர் கைக்குப் புதிதாகக் காசு வரும்.

ஒரு வித்தியாசம் உண்டு. ஆல்பம் விற்கவில்லை என்றால், பாடகர் பொதுவாக அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. நஷ்டம் கம்பெனிக்கு.

பாட்டு விளம்பரம், ஆல்பம்தான் சரக்கு

அன்று கம்பெனிகளின் முக்கிய வருமானம் சிடி விற்பனை. ஒரு பாட்டை ரேடியோவிலும் டிவியிலும் ஓடவிட்டு, அதைக் காட்டி முழு ஆல்பத்தை விற்பார்கள். 'இன் டா கிளப்' செய்த வேலையும் அதுதான்.

'கெட் ரிச் ஆர் டை டிரையின்' ஆல்பம் 2003 பிப்ரவரி 11-ல் வருவதாக இருந்தது. திருட்டு சிடியும் இணையக் கசிவும் தொல்லை கொடுக்க, பிப்ரவரி 6-க்கே வெளியிட்டார்கள். முதல் வாரக் கணக்கில் 8 லட்சத்து 72 ஆயிரம் பிரதிகள் போயின. அந்த ஆண்டு அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பமும் அதுவே.

ரேடியோ யாருக்குக் காசு கொடுக்கும்?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று, வரியையும் இசையையும் எழுதியவர்களுக்கான உரிமை. இன்னொன்று, பதிவு செய்யப்பட்ட குரலுக்கும் ஒலிக்கும் ஆன உரிமை. இரண்டாவதைத்தான் 'மாஸ்டர்' என்கிறார்கள். பெரும்பாலும் அது கம்பெனி வசம் இருக்கும்.

அமெரிக்காவில் சாதாரண ஏஎம், எஃப்எம் ரேடியோக்கள் முதல் உரிமைக்கு மட்டும்தான் பணம் கட்ட வேண்டும். நாள் முழுக்க ஒரு பாட்டை ஓட்டினாலும், பாடினார் என்பதற்காகப் பாடகருக்குச் சட்டப்படி ஒரு காசு கிடையாது. சாட்டிலைட் ரேடியோவும் இணைய ரேடியோவும் மட்டும் இரண்டு பக்கத்துக்கும் கொடுக்க வேண்டும். இதை மாற்றக் கோரும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் 2021 முதல் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தாக்கலாகியிருக்கிறது.

ஃபிஃப்டி சென்ட் தப்பித்தது எப்படி? டாக்டர் டிரே, எலிசாண்டோவுடன் பாட்டை எழுதியவர் பட்டியலில் அவர் பெயரும் இருந்ததால்தான். அடுத்தவர் எழுதியதை வெறுமனே பாடியிருந்தால், அந்த ரேடியோ வருமானத்தில் அவருக்குப் பங்கே இருந்திருக்காது.

பிறந்தநாள் வரி யாருக்குச் சொந்தம்?

பாட்டை இன்றுவரை உயிரோடு வைத்திருப்பது அதில் வரும் பிறந்தநாள் கொண்டாட்ட வரிதான். அது ராப் பாடகர் லூதர் கேம்ப்பெல்லின் பழைய பாட்டிலிருந்து எடுத்தது என்று, அவரது பாடல்களின் உரிமையை வைத்திருந்தவர் 2006-ல் வழக்குப் போட்டார். அது எல்லோரும் புழங்கும் சாதாரணச் சொற்றொடர், அதற்குக் காப்புரிமை கிடையாது என்று சொல்லி நீதிபதி தள்ளுபடி செய்தார். இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. நாளை வேறொருவர் அதே வாழ்த்தைப் பாட்டில் வைத்தாலும், அந்தச் சொற்கள் தனக்குத்தான் சொந்தம் என்று ஃபிஃப்டி சென்ட்டாலும் கேட்க முடியாது.

அப்போ பெரிய லாபம் எங்கே?

பாட்டுக்கு வெளியே. புகழ் உச்சத்தில் இருந்தபோது, 'விட்டமின்வாட்டர்' பானத்தை விளம்பரப்படுத்த வெறும் சம்பளத்தோடு நிற்காமல் கம்பெனியில் பங்கும் வாங்கிக்கொண்டார். அதைத் தயாரித்த கிளாசோ நிறுவனத்தை 2007-ல் கோகோ கோலா சுமார் 410 கோடி டாலருக்கு வாங்கியது. சிறிய பங்குதான் என்றாலும், அது அவருக்குக் கோடிக்கணக்கில் டாலரைக் கொண்டுவந்தது.

2022 பிப்ரவரியில் சூப்பர் பௌல் இடைவேளை நிகழ்ச்சியில், பழைய வீடியோவில் வந்தது போலவே தலைகீழாகத் தொங்கியபடி இதே பாட்டைப் பாடினார். அந்த மேடையில் பாடுபவர்களுக்கு வழக்கமான கச்சேரிச் சம்பளம் கிடையாது. கோடிக்கணக்கானோர் பார்ப்பார்கள், பிறகு பாட்டைத் தேடிக் கேட்பார்கள் என்பதுதான் ஆதாயம். 2003-ல் ரேடியோ செய்த அதே வேலை.

பாட்டு ஹிட் ஆவது ஒரு பக்கம். எழுதியவர் பட்டியலில் பெயர் இருக்கிறதா, மாஸ்டர் யார் கையில், கிடைத்த புகழை எதில் போட்டார்கள்? காசு யாருக்குப் போகும் என்பதை முடிவு செய்வது இந்த மூன்றும்தான்.