பல்லைப் பிடித்துப் பார்த்தீர்களா?

மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒரு தடவை போய் வேடிக்கை பாருங்கள். மாடு வாங்க வந்தவர், வியாபாரி சொல்வதைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். நேராக மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடைசிப் பல் முளைத்துவிட்டதா? அப்புறம் சுழி. அப்புறம் குளம்பு. நாலு எட்டு நடக்க விட்டுப் பின்னாலிருந்து ஒரு பார்வை. எல்லாம் திருப்தியான பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்.

துவரங்குறிச்சிக்குப் பக்கத்தில் மருங்காபுரி இருக்கிறதே, பழைய ஜமீன் ஊர், அங்கேதான் என் சித்தப்பா வீடு. வாயைத் திறந்து பார்க்காமல் ஒரு கிடேரிக் கன்றுகூட வாங்காதவர் அவர். அவருடைய மகன் சிங்கப்பூரில் பதினோரு வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினான். ஒன்பது லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய வெளிநாட்டு சொகுசு கார் வாங்கினான். (கம்பெனி பேரும் விற்ற கடையின் பேரும் இங்கே வேண்டாம்.) விற்றவரிடம் அவன் கேட்டது மூணே கேள்வி. எத்தனை ஓனர்? எத்தனை கிலோமீட்டர்? கடைசியா என்ன விலை?

"சிங்கிள் ஓனர் சார். டாக்டர் வண்டி. 2013 மாடல்."

ஏழாவது மாதம் நாலுவழிச் சாலையில் கியர்பாக்ஸ் நின்றுவிட்டது. எஸ்டிமேட் மூணே முக்கால் லட்சம். மனைவியின் நகை பேங்க்குக்குப் போயிற்று. பிரித்துப் பார்த்த மெக்கானிக்தான் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டிச் சொன்னார். "2013ங்கிறது ரிஜிஸ்டர் பண்ண வருஷம் தம்பி. வண்டி செஞ்சது 2012. இந்த ஷேப்பும் இந்த கியர்பாக்ஸும் அப்பத்தான் புதுசா வந்துச்சு. மறு வருஷமே கம்பெனிக்காரன் உள்ளே மாத்திட்டான். ஒரு வருஷம் தள்ளி வாங்கியிருக்கலாம்ல?"

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்த வாரம் முழுக்க.

நாம் காரை பிராண்ட் பார்த்து வாங்குகிறோம். மூக்கில் நட்சத்திரமா, நாலு வளையமா என்று பார்க்கிறோம். ஆனால் பழைய காரில் நீங்கள் வாங்குவது பிராண்டை அல்ல, வருஷத்தை. ஒரே பேர், ஒரே ஷேப், ஒரே கலர். ஒரு வருஷத்துக் கார் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்ளும், இன்னொரு வருஷத்துக் கார் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும்.

சும்மா சொல்லவில்லை. மெர்சிடிஸ் பென்ஸ் ஈ-கிளாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2002ல் புது ஷேப் வந்தபோது, கம்ப்யூட்டர் கட்டளையில் இயங்கும் புதுவகை பிரேக்கைப் பெருமையாகப் போட்டார்கள். 2004லும் 2005லும் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. 2006ல் அதே ஷேப்பின் முகத்தை லேசாகத் திருத்தினார்கள். கூடவே அந்த அதிசய பிரேக்கைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டுப் பழையபடி சாதாரண ஹைட்ராலிக் பிரேக்கைப் போட்டார்கள். தெருவில் நிற்கும்போது ரெண்டும் அண்ணன் தம்பி. பிரேக்கை மிதித்தால் வேறு வேறு ஜாதி.

பி.எம்.டபிள்யூ 2007 மார்ச்சில் நம்ம மகேந்திரா சிட்டியில் தொழிற்சாலை திறந்தபோது தமிழ்நாடே பெருமைப்பட்டது. அதே 2007ல் அந்தக் கம்பெனி உலக அளவில் கொண்டுவந்த ரெண்டு லிட்டர் டீசல் இன்ஜின் ஒன்று உண்டு. 'என்-47' என்று பெயர். அதில் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருந்தது. செயின் தேய்ந்தால் பெரும்பாலும் இன்ஜினையே இறக்கித்தான் மாற்ற வேண்டும். அறுந்தால் இன்ஜின் காலி. 2011க்கு முன்னால் செய்தவற்றில்தான் புகார் அதிகம். 2014 வாக்கில் அந்த இன்ஜினுக்கே மாற்று இன்ஜின் வந்துவிட்டது. '320டி' என்ற எழுத்து மட்டும் டிக்கியில் அப்படியே இருந்தது!

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் உண்டு. டகாட்டா என்ற ஜப்பான் கம்பெனியின் ஏர்பேக்குகளில் இருந்த வேதிப்பொருள், வெக்கையிலும் ஈரக்காற்றிலும் வருஷக்கணக்கில் கிடந்து கெட்டுப்போய், விரியும்போது இரும்புத் துண்டுகளை முகத்தில் வீசியது. உலகத்தில் பலர் செத்தார்கள். 2017ல் அந்தக் கம்பெனி திவாலானது. இந்தியாவில் ஹோண்டா தன் அக்கார்டு, சிவிக், சிட்டி கார்களை வருஷவாரியாகப் பல தவணைகளில் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றிக் கொடுத்தது. நீங்கள் வாங்கப்போகும் அக்கார்டில் மாற்றியாயிற்றா என்று கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். சீட் லெதரா என்று கேட்டிருப்பீர்கள்.

சரி, எந்த வருஷம்தான் நல்ல வருஷம்?

புது ஷேப் வந்த முதல் வருஷத்தைத் தொடாதீர்கள். கம்பெனிக்காரன் முதலில் வாங்குகிறவர்களை வைத்துத்தான் பாடம் படிக்கிறான். மூன்று நாலு வருஷம் கழித்து அதே ஷேப்பில் முகம் திருத்தி ஒன்று விடுவான். அதற்குப் பிறகு, அந்த ஷேப்பை நிறுத்துவதற்கு முந்தின கடைசி ரெண்டு வருஷம்தான் பெரும்பாலும் விளைந்த பருவம். குறைகள் பலவும் அதற்குள் தெரிந்து, திருத்தப்பட்டிருக்கும். வேடிக்கை என்னவென்றால், அடுத்த ஷேப் வந்துவிட்டதால் 'பழைய ஷேப்' என்று அதை மலிவாகத் தள்ளிவிடுவார்கள். நம்ம ஆட்களோ ரெண்டு லட்சம் கூடக் கொடுத்து, 'புது ஷேப்' என்று முதல் வருஷக் காரைக் கட்டிக்கொண்டு வருவார்கள். கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தும்போது நாலு பேர் பார்க்க வேண்டுமே!

வருஷம் என்றால் எந்த வருஷம்? ஆர்.சி.யில் பதிவுத் தேதி தனி, தயாரித்த மாதமும் வருஷமும் தனி. ரெண்டாவதைப் பாருங்கள். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் தைத்திருக்கும் துணிச்சீட்டில் பெரும்பாலும் தேதி இருக்கும். கண்ணாடிகளின் மூலையில் வருஷக் குறி இருக்கும்; ஒன்று மட்டும் மாறியிருந்தால் ஏன் மாறியது என்று கேளுங்கள். டயரில் கடைசி நாலு எண் 3518 என்றால் 2018ன் 35வது வாரம். இவைதான் காரின் பற்கள். மீட்டரைத் திருப்புகிறவர்கள் இதையெல்லாம் திருப்ப மெனக்கெடுவதில்லை.

இன்னும் ரெண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நல்ல வேகத்தில் நீள ஓட்டம் வேண்டும். மருங்காபுரியிலிருந்து நாலுவழிச் சாலையில் மதுரைக்கும் திருச்சிக்கும் போகிறவருக்குச் சரி. தில்லைநகரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குத் தினம் ஊர்ந்து போகிறவருக்கு அது அடைத்துக்கொள்ளும். பெட்ரோல் காரா? 2025ல் நாடு முழுக்க 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பல கார்களின் கையேடு 10 சதவிகிதத்தோடு நிறுத்தச் சொல்கிறது. மைலேஜ் கொஞ்சம்தான் குறையும், வேறு பயமில்லை என்கிறது அரசு. வருஷம் பார்க்காமல் வாங்கினால் அந்தப் பரிசோதனைக்கு எலி நீங்கள்தான்.

'ஏழை பாழைகளுக்கு ஆசை இருக்கக் கூடாதா?' என்று சண்டைக்கு வராதீர்கள். தாராளமாக இருக்கட்டும். பதினோரு வருஷம் வெயிலில் கம்பி கட்டினவனுக்கு நல்ல காரில் உட்கார எல்லா உரிமையும் உண்டு. அதனால்தான் கோபமே வருகிறது. ஐம்பது லட்சத்துக் கார் ஒன்பது லட்சத்துக்கு இறங்கும். அதன் கியர்பாக்ஸ் என்றைக்கும் ஐம்பது லட்சத்துக் காரின் கியர்பாக்ஸ்தான். இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

யார் சொல்ல வேண்டும்? ஜெர்மனியில் எந்த மாடல் எத்தனை வயதில் எப்படிப் பழுதாகிறது என்று பரிசோதனை அமைப்புகள் ஆண்டுதோறும் பட்டியல் போடுகின்றன. அமெரிக்காவில் மாடல் வருஷத்தைத் தட்டினால் அரசாங்கத் தளத்தில் புகார்களும் திரும்ப அழைத்த விவரமும் வந்து விழும். இங்கே 2019 சட்டத் திருத்தத்தில், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டது. நல்லது. அதோடு ஒவ்வொரு மாடல் வருஷத்துக்கும் வந்த புகார்களை ஆர்.சி. விவரத்தோடு சேர்த்து, தமிழில், எல்லோரும் பார்க்கும்படி போடுவதில் என்ன கஷ்டம்? வண்டி கை மாறும்போது பேர் மாற்றக் கட்டணம் வாங்கத் தெரிகிற அரசுக்கு, வாங்குகிறவனை எச்சரிக்க மட்டும் வாய் வராதா?

அது வரும்வரை நம் வாயை நாம்தான் திறக்க வேண்டும். மருங்காபுரியில் அந்தக் கார் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கிறது. பக்கத்திலேயே சித்தப்பாவின் காளைகள் ரெண்டு, பல் பார்த்து வாங்கியவை, நன்றாக அசைபோட்டுக்கொண்டிருக்கின்றன.

அடுத்த முறை யாராவது உங்களிடம் "டாக்டர் வண்டி சார்" என்று சொன்னால், அந்த டாக்டர் எந்த வருஷத்து வண்டியை, எதற்காக விற்றார் என்று கேளுங்கள். நோய் என்னவென்று டாக்டருக்கு முதலிலேயே தெரிந்திருக்கும்.