சூட்டும் ஆரமும்: சைக்கிள் சக்கரம் பற்றிச் சில எண்ணங்கள்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் என் பழைய மாணவர் சென்ற மாதம் தம் தந்தையோடு வீட்டுக்கு வந்திருந்தார். பழைய ரோடு பைக் ஒன்றை வாங்கி, விடிகாலையில் வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டுச் சாலையில் ஓட்டுகிறவர். "சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டால் போதும் ஐயா. கார்பன் ரிம், 50 மில்லிமீட்டர் ஆழம்" என்றார். விலையையும் சொன்னார். தந்தை தலையைக் குனிந்துகொண்டார். பட்டு நெய்பவர் அவர். ஒரு சேலையைத் தறியிலிருந்து அறுத்து இறக்கப் பதினைந்து நாளாவது ஆகும். எத்தனை சேலை என்று மனத்துக்குள் கணக்குப் போட்டிருப்பார்.

தமிழாசிரியனுக்குச் சக்கரத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். பட்டவன் என்ற தகுதி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கடைக்காரரின் பேச்சில் மயங்கி, முன்னே 20, பின்னே 24 கம்பிகள் கொண்ட சக்கரங்களை வாங்கினேன். டயரின் அகலம் 23 மில்லிமீட்டர். பாலாற்றங்கரைப் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பின்சக்கரத்தில் ஒரு கம்பி அறுந்தது. ரிம் கோணிப் பிரேக்கில் உரசி நின்றது. பின்னால் வந்த லாரி ஒதுங்கிப் போனதால் இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் சைக்கிள் கடைப் பெரியவர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் கம்பி நம்மகிட்ட கிடைக்காதுங்க சார்" என்றார். மூன்று வாரம் வண்டி சுவரில் சாய்ந்திருந்தது. அவர் காலமெல்லாம் கோணல் எடுத்துவரும் பழைய கறுப்புச் சைக்கிளில் முன்னே 32, பின்னே 40 கம்பிகள். ஒன்று அறுந்தாலும் அது வீடு கொண்டுவந்து சேர்க்கும்.

சக்கரம் வாங்குகிறவரை முதலில் ஏமாற்றுவது அளவின் பெயர். நம் பழைய சைக்கிளின் '28 அங்குல' ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். மலைச் சைக்கிளின் '29 அங்குல' ரிம்மிலோ அது 622தான்! ரோடு பைக்கின் '700 சி' என்பதும் அதே 622. பெயரில் பெரியது அளவில் சிறியது. ஆகவே பெயரை நம்பாமல், டயரின் பக்கவாட்டில் 28-622 என்பதுபோல் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். முதல் எண் அகலம். அடுத்தது ரிம்மின் விட்டம்.

அடுத்து அகலம். ஒடுங்கிய டயரில் 100 பவுண்டுக்கு மேல் காற்றடித்தால் வேகம் கூடும் என்பது நெடுநாள் நம்பிக்கை. வழவழப்பான தளத்தில் அதற்கு ஓரளவு பொருளுண்டு. கரடான சாலையில் கல்லென இறுகிய டயர் துள்ளுகிறது. மிதித்த விசையில் ஒரு பங்கு உடம்பைக் குலுக்குவதிலேயே வீணாகிறது. பந்தய வீரர்களே 23-ஐ விட்டு 25-க்கும், பிறகு 28-க்கும் அதற்கு மேலும் போய்விட்டார்கள். மணல் லாரிகளும் கல் லாரிகளும் அரைத்த சாலைக்கும், 2021 வெள்ளத்தில் பாலாறு மூழ்கடித்த அவளூர்த் தரைப்பாலத்துக்கும் 28 அல்லது 32 மில்லிமீட்டரே பொருத்தம். ஆனால் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறதா, பிரேக் ரிம்மைப் பிடிப்பதா டிஸ்க்கா, அச்சும் பின் பல்சக்கரமும் பொருந்துமா என்று முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஆழமான ரிம் காற்றைக் கிழிக்கும் என்பது உண்மையே. அதன் பலன் வேகம் மிகுந்தவர்க்கு. இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற நம் போன்றோர்க்கு அற்பம். பக்கக் காற்று அடித்தாலோ, லாரி உரசிக்கொண்டு கடந்தாலோ அதே ஆழம் கைப்பிடியைத் திருகும். எடையும் அப்படித்தான். ஆளும் வண்டியுமாக 80 கிலோ இருக்கையில், சக்கரத்தில் 400 கிராம் குறைந்தால் நூற்றில் அரைப் பங்கு.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டிச் சக்கரம் வருகிறது. சூட்டு என்று விளிம்பையும், ஆரம் என்று கம்பிக்கு முன்னோடியான ஆரக்காலையும் பிரித்துச் சொல்கிறார் புலவர். சூட்டின் கனமும் ஆரத்தின் சீரான அமைப்புமே அவர் கண்ணில் பட்டவை. அவ்வணிகர் வண்டிக்கடியில் மாற்று அச்சு கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாக்குகிறார். மேடு பள்ளத்தை யாரறிவார் என்ற முன்யோசனை அது. வழியில் முறிந்தால் என்ன செய்வது என்று யோசிக்காமல் வாங்கிய சக்கரம் எவ்வளவு விலையானாலும் நல்ல சக்கரம் அன்று என்பதே என் கருத்து.

இளைஞனின் ஆசைக்கு மதிப்பில்லையா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். உண்டு. பந்தயத்தில் இறங்குகிறவர் ஆழ ரிம் வாங்கட்டும். அது அவருடைய கருவி. நம் சாலையில் வேலைக்கும் உடல்நலத்துக்கும் ஓட்டுகிறவருக்கு அலுமினிய ரிம், 32 கம்பி, நம் ஊரிலேயே மாற்றக்கூடிய சாதாரணக் கம்பி. இதைத்தான் அவரிடம் சொன்னேன்.

தந்தை அதுவரை பேசவில்லை. எழுந்து போய், வாசலில் நின்ற என் வண்டியின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். "பாவு மாதிரிதான் சார். எல்லாம் ஒரே இழுப்பா இருக்கணும்" என்றார். சக்கர நூல்கள் பல பக்கம் சொல்வதும் அதைத்தான். மகன் இன்னும் முடிவெடுக்கவில்லை; ஆனால் இப்போது தந்தையிடமும் கேட்கிறார்.