உடலியல் பாடமும் நீல மாத்திரையும்

இதயத்திற்கு நான்கு அறைகள் என்று ஏழாம் வகுப்புச் சிறுமி தடையின்றிக் கூறுவாள். இரத்த ஓட்டத்தைப் பற்றி வில்லியம் ஹார்வி 1628-இல் நூல் வெளியிட்டார் என்பதையும் ஒப்பிப்பாள். ஆனால், "மாடிப்படி ஏறினால் உனக்கு ஏன் மூச்சு வாங்குகிறது?" என்று கேட்டால் விழிப்பாள். குறை அவளுடையதன்று. பாடம் பரீட்சைத் தாளோடு நின்றுவிடுகிறது என்பதே எங்கள் கருத்து.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தசோகை. அரசு வாரந்தோறும் பள்ளிகளில் வழங்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை, வாய்க்குப் போகாமல் சன்னல் வழியே போவதும் உண்டு. (யார் என்று கேட்க வேண்டாம்!) வயிற்றைப் புரட்டுகிறதாம். சாப்பிட்டபின் விழுங்கினால் புரட்டல் குறையும். உடனே தேநீர், காப்பி அருந்தினால் இரும்புச்சத்து உடலில் சரிவரச் சேராது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் அது சேர உதவும். இதயப் படத்தின் கீழே இவற்றையும் எழுதிப்போட்டால் என்ன?

மாதவிலக்கின்போது இரத்தத்தோடு இரும்புச்சத்தும் வெளியேறுகிறது. அந்தப் பாடம் வந்தால் மட்டும் பல பள்ளிகளில் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வீட்டிலோ, "பள்ளியில் சொல்லித்தருவார்கள்" என்கிறார்கள்! பத்து, பதினொரு வயதிலேயே பூப்படையும் சிறுமியர் இருக்கையில், எட்டாம் வகுப்புவரை காத்திருப்பது எப்படித் தகும்? ஆறாம் வகுப்பிலேயே அன்னையரையும் அழைத்து, ஒரு பாடவேளை ஒதுக்குமாறு சிஸ்டர்களையும் ஆசிரியைகளையும் வேண்டுகிறோம். படங்கள் வரைந்துதர நாங்கள் ஆயத்தம்.