டிசம்பரில் சேலை, ஜூனில் கந்துவட்டி

ஏழைகளுக்கு உதவாத சபை என்று தமிழ்நாட்டில் ஒன்றைக் காட்டுவது கஷ்டம். கிறிஸ்துமஸ் வந்தால் விதவைகளுக்குச் சேலை, முதியவர்களுக்குப் போர்வை, பிள்ளைகளுக்குப் புது உடுப்பு. அறுப்பின் பண்டிகை வந்தால் அரிசி. திருநெல்வேலிப் பக்கம் அசனம் என்றால் ஊரே உட்கார்ந்து சாப்பிடும். கொடுக்கிற மனசு இருக்கிறது. பணமும் ஓரளவு இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று... திட்டம்!

திட்டம் என்றதும் பெரிய கட்டடம், ட்ரஸ்ட், வெளிநாட்டு நிதி என்று பலருக்குத் தோன்றும். அதெல்லாம் பிறகு. ஒரு குடும்பத்துக்கு எந்த மாதம் கஷ்டம், எவ்வளவு பணம் குறைகிறது, அதை யாரிடம் கடன் வாங்குகிறார்கள்? இந்த மூன்றும் தெரிந்தாலே பாதித் திட்டம் முடிந்தது.

கஷ்டத்துக்கும் காலண்டர் உண்டு

தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிக்கு மழைக்காலத்தில் வேலை கிடையாது. பனையேறுகிறவருக்குப் பதநீர் சீசன் முடிந்தால் கை வறண்டுவிடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அரசு நிவாரணம் கொடுத்தாலும் இரண்டு மாதக் குடும்பச் செலவுக்கு அது போதாது. அந்தத் தடை முடிகிற அதே ஜூனில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. ஃபீஸ், நோட்டு, ஷூ, பஸ் செலவு எல்லாம் ஒரே வாரத்தில் வாசலில் வந்து நிற்கும். இதில் எதுவும் திடீரென்று வருகிற ஆபத்து இல்லை. வருஷா வருஷம் சொல்லிவைத்த மாதிரி வருவது. ஆனால் பல சபைகளின் தர்மக் கணக்கு டிசம்பரில் திறந்து டிசம்பரிலேயே மூடிவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஜூனில் ஒரு தாய் ரூ.10,000 கடன் வாங்குகிறார், நூற்றுக்குப் பத்து வட்டி. மாதம் ரூ.1,000. கிறிஸ்துமஸ் வருவதற்குள் வட்டியாக மட்டும் ரூ.6,000 போயிருக்கும். அசல் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் சபை அவருக்கு 500 ரூபாய் சேலை கொடுக்கிறது. சேலை நல்ல சேலைதான். ஆனால் அவர் கஷ்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வட்டிக்காரரைப் பிடிக்கலாம். ஜூன் மாதப் பணத்தை அது கொடுக்காது.

கேட்காமல் கொடுத்தால்...

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. வாங்க ஆளில்லாமல் ரோட்டோரங்களில் குவிந்து கிடந்தது. அனுப்பியவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்ன வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பிரச்சினை முதல் சபைக்கே வந்திருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அன்றாடப் பங்கீட்டில் எங்கள் விதவைகளை விட்டுவிடுகிறீர்கள் என்று கிரேக்க மொழி பேசிய யூதர்கள் முறுமுறுக்கிறார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களை விசுவாசம் இல்லாதவர்கள் என்று திட்டவில்லை. பொறுப்புக்கு ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! குறை சொன்ன தரப்பின் கையிலேயே பந்தியை ஒப்படைத்தார்கள் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்வது இதனால்தான்.

இன்றைக்கு எத்தனை சேகர கமிட்டிகளில் உதவி வாங்கிய ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்? பென்ஷன் வாங்குகிறவர் உண்டு, கடை வைத்திருக்கிறவர் உண்டு, காரில் வருகிறவர் உண்டு. ஏழைகள் பட்டியலைத் தயாரிப்பது அவர்கள்தான். பட்டியலில் இருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை.

ஒரு மேயரின் பாடம்

பி.காம். மாணவர்கள் கூட்டுறவுப் பாடத்தில் ஒரு வரியில் தாண்டிப் போகிற பெயர் ரைஃபைசன். ஜெர்மனியில் வையர்புஷ் என்ற ஊரின் மேயர், ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தி உள்ளவர். 1846-47 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தபோது வசதியானவர்களிடம் பணம் திரட்டி, ரொட்டி சுட்டு ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். பஞ்சம் தாண்டியது. பிறகு வேறு ஊர்களிலும் பணக்காரர்களின் தயவை நம்பி சங்கங்கள் நடத்திப் பார்த்தார். பணக்காரர்களின் உற்சாகம் சில வருஷத்தில் குறைந்தது. கடைசியில் 1864-ல் ஹெட்டஸ்டார்ஃபில் கடன் சங்கத்தைத் தொடங்கியபோது முறையை மாற்றினார். கடன் வாங்குகிறவரும் சங்கத்தின் உறுப்பினர், பொறுப்பிலும் பங்கு. தர்மம் தளர்ந்த இடத்தில் அந்தச் சங்கம் நின்றது. சென்னை மாகாண அரசு அனுப்பி ஐரோப்பா போய் இதைப் படித்து வந்த ஃபிரெடெரிக் நிக்கல்சனின் அறிக்கைகள்தான், 1904-ல் வந்த இந்தியக் கூட்டுறவுக் கடன் சட்டத்துக்கு வழிகாட்டின.

அப்படியென்றால் ஒரு சபை என்ன செய்யலாம்?

1. முதலில் வீடுகளைப் பார்க்க வேண்டும். 1833-ல் பாரிஸில் வின்சென்ட் தே பவுல் சங்கத்தைத் தொடங்கிய ஓசானாம் அப்போது 20 வயது கல்லூரி மாணவர். ஏழைகளின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேசுவதுதான் அந்தச் சங்கத்தின் முதல் வேலை. வாலிபர் சங்கம் இதைச் செய்ய முடியாதா என்ன?

2. கஷ்ட மாதங்களின் காலண்டர் ஒன்று போட வேண்டும். ஊருக்கு ஊர் அது மாறும்.

3. வட்டியில்லாக் கடன் நிதி. 200 குடும்பங்கள் மாதம் ரூ.50 போட்டால் வருஷத்துக்கு ரூ.1,20,000. ஜூனில் 12 குடும்பங்களுக்கு ஆளுக்கு ரூ.10,000 கொடுக்கலாம். பத்துத் தவணையில் திரும்பினால், அடுத்த ஜூனில் புது வசூலும் சேர்ந்து 24 குடும்பங்கள். ஏழையிடம் வட்டி வாங்காதே என்பது யாத்திராகமத்திலேயே இருக்கிற கட்டளைதான்.

4. திருப்பிக் கட்டவே முடியாதவர்களுக்குக் கடன் கொடுக்கக் கூடாது. தனியாக வாழும் முதியவருக்கும் படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கும் மாதா மாதம் உதவித்தொகைதான் சரி.

5. நிதிக் குழுவில் பாதிப் பேர் அந்த நிதியில் உதவி வாங்கியவர்களாக இருக்க வேண்டும். அதில் பெண்கள் கட்டாயம்.

வரக்கூடிய ஆட்சேபணைகள்

வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக் கூடாதே, கணக்கு எதற்கு என்பார்கள். கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் ரகசியமாகவே இருக்கட்டும். மொத்த வரவு செலவு ரகசியம் ஆகாது. எருசலேம் ஏழைகளுக்கு வசூலித்த பணத்தைப் பவுல் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. யாரும் குறை சொல்லக் கூடாது என்று சபைகள் தெரிந்தெடுத்தவரையும் கூட வைத்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). அந்தக் காலத்து ஆடிட் அதுதான்! வேடிக்கை என்னவென்றால் இன்றைக்குத் தலைகீழ். சேலை வாங்குகிற விதவையின் போட்டோ ஃபிளெக்ஸில் வருகிறது, நிதிக் கணக்கு மட்டும் பீரோவுக்குள் இருக்கிறது.

சபையின் வேலை ஆத்துமாவைப் பார்ப்பது, கடன் கொடுப்பதா என்றும் கேட்பார்கள். அப்போஸ்தலர்களும் வசனத்தை விட்டுவிட்டுப் பந்தி விசாரிப்பது தங்களுக்குச் சரியாகாது என்றுதான் சொன்னார்கள். ஆனால் பந்தியை நிறுத்தவில்லை, அதற்கு ஆள் போட்டார்கள்.

கடன் திரும்பாவிட்டால்? சில திரும்பாது. 12-ல் இரண்டு திரும்பாவிட்டாலும் அடுத்த வருஷம் 22 குடும்பங்களுக்குக் கையில் பணம் இருக்கும். கொடுத்த சேலை ஒன்றுகூடத் திரும்பி வருவதில்லை, அதை யாரும் வாராக்கடன் என்று எழுதுவதில்லையே!

உதவி சபை அங்கத்தினர்களுக்கு மட்டும்தானா என்ற கேள்விக்கு நல்ல சமாரியன் கதையே பதில். வழியில் கிடந்தவனிடம் அவன் எந்தச் சபை என்று சமாரியன் கேட்கவில்லை. உதவியைக் காட்டி ஆள் சேர்ப்பதும் வியாபாரம்தான்.

சேலை கொடுப்பதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பண்டிகை நாளில் புதுத்துணி உடுத்த ஏழைக்கும் ஆசை இருக்கும். அதோடு ஒரு வேலையும் சேரட்டும். அடுத்த சபைக் கூட்டத்தில், "போன ஜூனில் எத்தனை குடும்பங்கள் வட்டிக்கு வாங்கின?" என்று யாராவது ஒருவர் எழுந்து கேட்கலாம். பதில் தெரியாவிட்டால், திட்டத்தின் முதல் வேலை அந்த ஞாயிறு மதியமே தொடங்கலாம்.